மாக்கோழியும் மின்திரைப் பொம்மையும்

உயிரில்லாத ஒன்றைக் கொல்ல இயலுமா? இயலாது என்றே உலகத்தார் விடை பகர்வர். நம் முன்னோர் அவ்வளவு விரைவில் விடை கூறிவிடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் இந்த வினாவுக்கு உரிய விடையாகவே அமைந்துள்ளது. தீக்கனவு கண்டதாகக் கூறிய மன்னன் யசோதரனிடம், சண்டமாரி தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். கொல்லாமையை மேற்கொண்ட மன்னன் மறுக்கிறான். முடிவில், மாவினால் கோழி ஒன்று செய்து அதனைப் பலியிடலாம் என்னும் தாயின் சொல்லுக்கு மட்டும் இசைகிறான். அங்கே ஓர் உயிரும் மாளவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும், கோழியை வெட்டுகிறோம் என்ற எண்ணத்தோடு வாளை ஓங்கிய அக்கணமே வினை வந்து பற்றியது. வெட்டுண்ட மாக்கோழி உயிருள்ளதுபோல் குரலெழுப்பி வீழ்ந்தது என்பது கதை. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் தொடங்கி, இருவரும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர்.

நம் இல்லங்களில் பெரியோர் வாய்மொழியாகவே சிறுவர் கேட்டு வளரும் கதை இது. இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பெரம்பலூரில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைக்கும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்தோடு வந்தார். அரியலூர் வணிகர் ஒருவர், மூடப்பட்ட விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து வாங்கிய பழைய வீடியோ விளையாட்டு இயந்திரத்தை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார். காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பெரிய பெட்டி அது. திரையில் தோன்றும் மனிதர்களைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். கோடை விடுமுறையில் கடை வாயிலில் வைத்துச் சிறுவர்களுக்கு ஆடக் கொடுப்பது வணிகரின் எண்ணம். "கெட்டுப்போனதைச் சரி செய்வது நல்ல காரியந்தானே, டீச்சர்? பிறகு ஏன் மனம் உறுத்துகிறது?" என்பதே இளைஞரின் வினா.

தமிழில் 'கெட்டது' என்னும் சொல் பழுதான பொருளையும் குறிக்கும், தீயதையும் குறிக்கும். முதலாவதைச் சரி செய்வதால் இரண்டாவது வளருமாயின் என் செய்வது? இதுவே நாம் ஆராய வேண்டியது.

எங்கே எழுந்தது இவ்வினா?

இத்தகைய இயந்திரங்கள் பிறந்த அமெரிக்க நாட்டில், அவை தோன்றிய சில ஆண்டுகளிலேயே இவ்வினா எழுந்தது. காசு போட்டு ஆடும் முதல் வீடியோ விளையாட்டு இயந்திரம் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' 1971-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வந்தது. இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. புள்ளியைப் பந்தாகக் கருதி இருவர் மாறி மாறித் தட்டுவது. அவ்வளவே அந்த ஆட்டம். அதில் யாருக்கும் தீங்கில்லை.

1976-இல் கலிபோர்னியாவிலிருந்த எக்சிடி என்னும் நிறுவனம் 'டெத் ரேஸ்' என்றோர் இயந்திரத்தை வெளியிட்டது. 'மரண ஓட்டம்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆடுபவர் கையில் கார்ச் சக்கரம், காலடியில் மிதி. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சி மனிதர்போன்ற சிற்றுருவங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அவற்றின்மேல் காரை ஏற்றினால் ஓர் அலறல் கேட்கும். ஆடுபவருக்கு மதிப்பெண் கூடும். உருவம் வீழ்ந்த இடத்தில் கல்லறைச் சிலுவை ஒன்று முளைக்கும்.

மக்கள் கண்டித்தபோது நிறுவனத்தார் சொன்ன மறுமொழி கருதத்தக்கது. அவை மனிதர் அல்லர். 'கிரெம்லின்' என்னும் பூதங்கள் என்றனர். கிரெம்லின் என்பது இயந்திரங்களைப் பழுதாக்குவதாக மேலைநாட்டு விமானிகள் கதை கட்டிய குட்டிப் பூதம். இம்மறுமொழியைக் கேட்கும்போது சந்திரமதியின் குரல் நம் செவியில் ஒலிக்கவில்லையா? 'இது கோழி அன்று, வெறும் மா' என்றாள் அவள். 'இது மனிதன் அன்று, வெறும் பூதம்' என்றனர் இவர்கள். அங்கும் ஓர் அலறல். இங்கும் ஓர் அலறல்.

1976-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தைச் சார்ந்த அறிஞர் ஒருவர் இந்த ஆட்டத்தைக் கண்டித்தார். தொலைக்காட்சியில் வன்முறையைக் காண்பவர் வெறும் பார்வையாளர். இந்த ஆட்டத்திலோ அவரே வன்முறையின் முதல் அடியை எடுத்து வைக்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினையை மூவகையாகவும், அவற்றை மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு உறழ்ந்து ஒன்பது வகையாகவும் நம் ஆசாரியர்கள் பகுத்துள்ளனர். நமக்கு அவர் கருத்து புதிதன்று.

இயந்திரத்தின் பழுது

அந்த 'டெத் ரேஸ்' இயந்திரம் இன்று அரும்பொருள். எஞ்சியவற்றைச் சேகரிப்போர் போற்றிக் காக்கின்றனர். அதனைப் பழுது பார்ப்பது எளிதன்று. 1980-இல் வந்த 'பாக்மேன்' போன்ற ஆட்டங்களில் ஆட்டத்தின் விதிகள் நிரலாக எழுதப்பட்டு, நினைவகச் சில்லுகளில் பதிக்கப்பட்டுள்ளன. அந்நிரலைப் படியெடுத்து வேறொரு கணிப்பொறியிலும் ஓட்டலாம். 'டெத் ரேஸ்' பலகையில் நுண்செயலியும் இல்லை, நிரலும் இல்லை. டி.டி.எல். வகையைச் சார்ந்த சிறு ஐ.சி.க்கள் பல ஒன்றோடொன்று இணைந்திருக்கும் முறையே அங்கு ஆட்டம். ஆகவே ஏட்டைப் படியெடுப்பதுபோல் அதனை எளிதில் படியெடுக்க இயலாது. பலகையைக் காத்தால்தான் ஆட்டமும் நிலைக்கும்.

பழைய இயந்திரம் எதுவாயினும் பழுது தேடும் முறை ஏறத்தாழ ஒன்றே. முதலில் மின்வழங்கியைச் சோதிப்பர். அதிலுள்ள கண்டென்சர்களின் உள்ளீரம் காலப்போக்கில் உலர்ந்துவிடும். பலகைக்குச் செல்ல வேண்டிய 5 வோல்ட் மின்னழுத்தம் குறையும், அல்லது நடுங்கும். அதனாலேயே நல்ல ஐ.சி.யும் கெட்டதுபோல் நடந்துகொள்ளும். அடுத்து, சூடும் குளிருமாக மாறி மாறி விரிந்து சுருங்கியதால் வெடித்த ஈயப் பற்றுகளைத் தேடுவர். பிறகு ஐ.சி.யின் கால்களில் ஏறிய களிம்பைத் துடைப்பர். கடைசியாகத்தான் ஒவ்வொரு ஐ.சி.யாக, உள்ளே செல்லும் குறிப்பும் வெளியே வரும் குறிப்பும் பொருந்துகின்றனவா என்று ஆராய்வர். பிக்சர் டியூபில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அதனை முறைப்படி வெளியேற்றாமல் கை வைப்பவர் உயிருக்கே ஆபத்து. ஐயத்தின்பேரில் எதனையும் பிடுங்கி எறியாமை, பொறுமை, விழிப்பு ஆகிய மூன்றும் இத்தொழிலுக்கு வேண்டும். இவை நல்லொழுக்கத்தின் உறுப்புகளே.

பழுது நீக்குதல் அறமே

ஆதிபகவன் விருஷபதேவர் மாந்தர்க்கு வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை வகுத்தருளினார் என்பது நம் மரபு. கைத்தொழில் யாவும் சிற்பத்துள் அடங்கும். ஆதலின் பழுது பார்ப்பவர் பகவான் காட்டிய தொழிலைச் செய்பவரே. உடைந்ததை எறிந்து புதியது வாங்கும் ஆசைக்கு அவர் கைவேலை ஒரு தடை. மிகுபொருள் விரும்பாமைக்கு அது துணை நிற்கிறது.

இதில் கொல்லாமையும் உண்டு. பழைய மின்னணுப் பலகைகளின் பற்றிலும், பிக்சர் டியூபின் கண்ணாடியிலும் ஈயம் கலந்துள்ளது. குப்பையில் எறிந்து எரித்தால் நஞ்சு மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கலக்கும். மண்ணையும் நீரையும் காற்றையுமே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று நம்புகிற நாம் இதனைப் பிறரினும் கூர்மையாக உணர வேண்டும். மின்னணுக் கழிவு பற்றிய மைய அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய கடமை அன்று இது.

மேலும், ஒரு பொருளைக் காப்பவர் அப்பொருள் கூறும் கொள்கையை ஏற்றவர் என்றும் ஆகாது. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து, அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் பயின்ற உ.வே.சாமிநாதையரை நாம் மறக்கலாகாது. சைவராகிய அவர் நம் சீவக சிந்தாமணியின் ஏடுகளைத் தேடி எடுத்து, செல்லரித்தவற்றையும் சிதைந்தவற்றையும் ஒப்பு நோக்கி, 1887-இல் அச்சேற்றினார். சமயக் கருத்துகளில் ஐயம் எழுந்தபோது வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்களை நாடித் தெளிந்தார். ஏட்டின் பழுதை நீக்கியவர் அந்நூலின் சமயத்தவர் அல்லர்; அதனால் அவர் பெருமை குறையவில்லை, கூடிற்று. எனவே 'டெத் ரேஸ்' இயந்திரத்தைப் பழுது நீக்குபவர் எல்லாரும் கொலையை விரும்புவோர் என்று கூறுவது நேர்மையாகாது.

குற்றம் எங்கே நுழைகிறது?

அவ்வாறாயின் இளைஞரின் மனம் ஏன் உறுத்தியது? உறுத்தியது சரியே என்பது நம் கருத்து. இல்லறத்தார்க்கு உரிய குண விரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றிப் பாவம் தேடிக்கொள்ளாமை என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை விளக்குகின்றன. இதற்கு மாறான ஐந்து செயல்களுள் ஒன்று இம்சாதானம். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளித்தல். மற்றொன்று அபத்தியானம், பிறர் சாக வேண்டும், அழிய வேண்டும் என்று எண்ணத்தில் திளைத்தல். மனித உருவைச் சுடும் ஆட்டம் ஆடுபவனை அபத்தியானத்தில் பழக்குகிறது. அதனை ஓடச் செய்து சிறுவர் கைக்குச் சேர்ப்பவர் இம்சாதானத்தின் வாயிலில் நிற்கிறார்.

'திரையில் ஓடுவது வெறும் ஒளிப்புள்ளிதானே' என்பர் சிலர். உண்மை. அது அசீவம், அதற்கு நோவில்லை. ஆகவே அங்கே திரவிய இம்சை இல்லை. உள்ளத்தில் நிகழும் பாவ இம்சையோ ஒளிப்புள்ளியைப் பொறுத்தது அன்று, ஆடுபவனைப் பொறுத்தது. யசோதரன் கதையை வடமொழியில் பாடிய சோமதேவ சூரி, உழவனையும் வலைஞனையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். உழவன் கலப்பையால் பல உயிர்கள் மடிந்தாலும் அவன் எண்ணம் பயிரில் உள்ளது. வலைஞனுக்கு ஒரு மீனும் சிக்காத நாளிலும் அவன் எண்ணம் கொலையில் உள்ளது.

'இந்த ஆட்டம் ஆடிய பிள்ளைகள் எல்லாம் கொலைகாரர் ஆகிவிட்டனரா?' என்பது அடுத்த தடை. இல்லை; அவ்வாறு நாம் சொல்லவும் இல்லை. இத்தகைய ஆட்டங்களின் விளைவு பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நம் நெறி கேட்பது வேறு. நாளை என்ன செய்வான் என்பதன்று. இன்று அவன் உள்ளத்தில் என்ன ஊறுகிறது என்பதே ஆஸ்ரவத்தின் வினா. 'செய்து கற்றல்' என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. கை திரும்பத் திரும்பச் செய்வதையும், செய்தவுடன் பாராட்டுப் பெறுவதையும் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. வாய்ப்பாட்டுக்குப் பொருந்தும் இவ்விதி, சுட்டு வீழ்த்தி மதிப்பெண் பெறும் ஆட்டத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமற் போகும்?

'போரும் கொலையும் காப்பியங்களில் இல்லையா? சிந்தாமணியில் இல்லையா?' என்றும் கேட்கலாம். உண்டு. யசோதர காவியத்திலேயே பலியும் நஞ்சும் உண்டு. ஆனால் அங்கே கொலை எங்கே கொண்டு செலுத்துகிறது என்று கடைசிவரை காட்டப்படுகிறது. சீவகன் வென்ற நாடுகளைத் துறந்து தவம் மேற்கொள்வதில் முடிகிறது சிந்தாமணி. கதை கேட்பவன் மடிந்த உயிரின் பக்கம் நிற்கிறான். ஆட்டம் ஆடுபவன் சக்கரத்தைப் பிடித்தவன் பக்கம் நிற்கிறான். வேறுபாடு இதுவே.

இவ்விடத்து ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 'டெத் ரேஸ்' ஆட்டத்தில் முளைக்கும் சிலுவைகள் மறைவதில்லை. அவை வழியை அடைத்து நிற்கும். கார் அவற்றில் முட்டி நிற்கும். எத்தனை பேரை வீழ்த்தினோமோ அத்தனை தடைகள் நம் பாதையிலேயே. வினைக் கோட்பாட்டை அறியாத ஒருவர், அதன் நிழலை அறியாமலே தம் இயந்திரத்தில் அமைத்துவிட்டார்! ஆடுபவன் அதனைப் பாடமாகக் கொள்ளாமல் இடையூறாக மட்டும் எண்ணுவதுதான் இரங்கத்தக்கது.

செய்யத் தக்கது யாது?

பழுது நீக்குவதும் அறம். கொலைக் கருவி வழங்காமையும் அறம். இரண்டும் முரணும்போது, பொருள் எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று கேட்பதே வழி. பழுது நீக்குபவர் ஒரு பொருளுக்கு இன்னொரு பிறவி அளிக்கிறார். அப்பிறவியில் அது செய்யவிருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

'டெத் ரேஸ்' போன்ற அரும்பொருள் ஓர் அருங்காட்சியகத்துக்குச் செல்லுமாயின், அது எழுப்பிய கண்டனத்தையும் எழுதி வைத்துக் காட்டப்படுமாயின், அதனைப் பழுது நீக்குவதில் குற்றமில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரத்தை வேலியிட்டுக் காக்கிறோம். முன்னொரு காலத்தில் இப்படியும் இருந்தது என்று வருங்காலத்தார் அறிவதற்காகக் காக்கிறோம். மனிதர் ஒரு காலத்தில் எதனை விளையாட்டென்று கருதினர் என்பதும் வருங்காலத்தார் அறிய வேண்டியதே.

அரியலூர் வணிகரின் இயந்திரத்துக்கு வேறு வழி உண்டு. அதனை இளைஞரே கண்டு சொன்னார். 1985-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 'ஜம்மா' என்னும் பொது இணைப்பு முறையை வகுத்தது. அம்முறைப்படி அமைந்த பெட்டிகளில் 56 முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பியில் எந்த ஆட்டத்தின் பலகையையும் மாட்டலாம். பெட்டியும் திரையும் மின்வழங்கியும் அப்படியே இருக்க, பலகை மட்டும் மாறும். கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் போன்றதோர் ஆட்டத்தை அங்கே அமைக்கலாம். உடல் அதுவே; உள்ளிருப்பது வேறு.

மின்வழங்கியையும் திரையையும் பழுது நீக்கித் தருவதாகவும், சுடும் ஆட்டத்தின் பலகையில் கை வைப்பதில்லை என்றும் இளைஞர் வணிகரிடம் கூறியிருக்கிறார். சுடும் ஆட்டத்துக்குத்தான் காசு விழும் என்பது வணிகரின் தயக்கம். வேலை கைவிட்டுப் போகலாம், கூலியும் போகலாம். வேறொருவர் அதே வேலையை நாளையே செய்து கொடுக்கவும் கூடும். அப்போது நம் விரதத்தால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஒன்றே விடை: அணுவிரதம் உலகைத் திருத்த எடுத்துக்கொண்டது அன்று, நம் கை எதில் படலாம், எதில் படலாகாது என்று நாமே இட்டுக்கொண்ட எல்லை. விலை கொடுக்காமல் காக்கக்கூடிய எல்லைக்கு விரதம் என்று பெயரிட வேண்டியதில்லை.

இவ்வினா ஓர் இளைஞருக்கு மட்டும் உரியது என்று நம் சகோதர சகோதரியர் எண்ணலாகாது. அன்று ஆளுயரப் பெட்டியாக நின்ற இயந்திரம் இன்று கைக்குள் அடங்கிவிட்டது. காசும் போட வேண்டியதில்லை. உண்ண மறுக்கும் குழந்தையின் கையில் செல்பேசியைக் கொடுக்கும் தாயும், விடுமுறையில் பேரப்பிள்ளைகள் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைக்கும் பாட்டியும், ஓர் ஆட்டத்தைப் பிள்ளையிடம் வழங்குபவரே. விலக்கினால் மட்டும் போதாது. அருகே அமர்ந்து, என்ன ஆடுகிறான் என்று பார்க்க வேண்டும். ஆடும்போது அவன் முகத்தில் என்ன தோன்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். பிறகு மாக்கோழியின் கதையைச் சொல்ல வேண்டும். இரவு விளக்கேற்றும் முன் உண்ணும் வழக்கத்தையும், நீரை வடிகட்டும் வழக்கத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கையளித்த நம் இல்லங்களுக்கு இது அரிய செயல் அன்று. நீரை வடிகட்டும் துணி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. உள்ளத்துள் செல்வதை வடிகட்டும் துணியும் ஒன்று இருக்கட்டும்.

அறம் வளர்க!